கணப்பை அணைத்துவிட்டு

…அணைத்துவிட்டுப் படுத்தார் என்றால் அணைத்துவிட்டுத்தானே படுத்தார், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது, அச்சில் இருக்கிறது, புத்தகத்தின் நடுப்பக்கத்தில் கறுப்பு மையில் இருக்கிறது, ‘கிழவர் கணப்பை அணைத்துவிட்டுப் படுத்தார்’, இதைப் படிக்கிற எந்த மனிதனும் என்ன நினைப்பான், வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே ஒரு கிழவர், ஒரு நாய், அந்த நாயின் பெயர் கணப்பு, அதை இழுத்து நெஞ்சோடு ஒரு தரம் அணைத்துவிட்டு அந்த மனிதர் படுத்துவிட்டார், அவ்வளவுதானே, பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடப் புரியுமே… அதைப் போய் அடுப்பு என்கிறாரே ஜமீலா டீச்சர், அடுப்பு! கஜபதி கொரட்டூர் ஏரிக்கரையில் நடுவழியில் நின்றுவிட்டார். பின்னால் கைவீசி நடந்துவந்த அரைக்கால் சட்டைக்காரர் மோதப் பார்த்து, விலகி, திரும்பி ஒரு தரம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும். வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது, கரையில் நடக்கிறவர்கள் எல்லாம் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் என்ன, மார்கழி மார்கழிதான், காலண்டர் சொல்லுகிறது குளிர்காலம் என்று, வெயில் என்ன காலண்டரைவிடப் பெரிய ஆளா? தலையில் காது வரை இழுத்துவிட்ட குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர், அதற்கு மேல் மகள் திவ்யா கனடாவிலிருந்து அனுப்பிய கோட்டு, பனிக்கரடியே போட்டுக்கொண்டால் பட்டனைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்கும், அவ்வளவு தடிமன். கக்கத்தில் அந்த அட்டையில்லாத புத்தகம். முதுகில் வியர்வை ஏரி மதகு திறந்த மாதிரி ஓடியது. ஆனாலும் அவருக்குக் குளிர்ந்தது. நாயைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஓர் அடுப்பை வைத்துவிட்டார்களே, குளிராமல்?

இவ்வளவுக்கும் காலையில் எல்லாம் ஷோக்காகத்தான் ஆரம்பித்தது. கிளை நூலகத்தில் வாசகர் வட்டம், இந்த மாதத் தலைப்பு ‘குளிர்காலத்தில் நான் விரும்பிப் படிக்கும் புத்தகம்’, தலைப்பைக் கொடுத்ததே கஜபதிதான், கொடுத்த அன்றைக்கே தினகரன் சிரித்தான், தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்று காலம் முழுக்க அவர் காதில் கத்தியவன், ஓய்வு பெற்ற பிறகும் குரல் இறங்காதவன், “மாமே, ஃபேன ரெண்டுல வெச்சா அதுக்குப் பேரு குளிர்காலமா?” என்று. அவனே இன்றைக்கு ரசத்தைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்து, மிளகையும் சீரகத்தையும் தட்டிப் போடுகிற பக்கத்தை ராகம் போட்டு வாசித்து, கூட்டத்தில் பாதிப் பேருக்கு மூக்கில் நீர் வரவைத்துவிட்டான். கணினி வேலைக்குப் போகிற லாவண்யா, போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் பேய்க்கதை படிப்பதுதான் குளிர்காலம் என்றாள், பயத்தில் வருகிற நடுக்கமும் குளிரில் வருகிற நடுக்கமும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு நம்மை விட்டுவிடுமாம், நல்ல யோசனைதான். ஜமீலா டீச்சர், பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்ந்தவர், மாடி வீட்டுக்காரர், பாலைவனப் பயணப் புத்தகத்தைக் காட்டினார், “குளிருக்கு மணலைப் படிக்கணும், பாதியிலேயே ஸ்வெட்டரைக் கழட்டிடுவோம்.” தப்பு, தப்பு, என்று கஜபதி எழுந்தார். குளிரை வெயிலால் அடிக்கக் கூடாது, பெரிய குளிரால் அடிக்க வேண்டும், பனி ஆளுயரத்துக்குக் கிடக்கிற தேசத்துக் கதையைப் படித்தால் நம்முடைய குளிர் வெட்கப்பட்டு ரயிலேறி ஆவடிப் பக்கம் ஓடிவிடும். அதோடு புத்தகம் தடியாக இருக்க வேண்டும், மே மாதத்துக்கு ஒல்லிப் புத்தகம், விசிறிக்கொள்ளலாம், மார்கழிக்குத் தடிப் புத்தகம், நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டால் பாதிப் போர்வை…

அப்புறம் கணப்பைப் பற்றிச் சொன்னார். சொன்னாரா, கொட்டினார். கன்றுக்குட்டி அளவு நாய் என்று ஆரம்பித்தது, கூட்டம் வாயைப் பிளந்ததும் ஷேர் ஆட்டோ அளவுக்கு வளர்ந்துவிட்டது, அதன் முதுகில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள், அது ஒரு தரம் உறுமினால் காட்டில் இருக்கிற ஓநாய்கள் வழி கேட்டுக்கொண்டு ஓடின, கடைசிப் பக்கத்தில் அது கிழவரிடம் வந்து ஒட்டிக்கொண்ட இடத்தைச் சொன்னபோது லாவண்யா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள், கைதட்டலில் மேசை மேல் இருந்த செம்பருத்தி ஜாடி ஆடியது, சத்தியமாக ஆடியது. வெளியே புங்க மரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் பக்கத்தில் வந்து புத்தகத்தை வாங்கிப் புரட்டினார், நாலு பக்கம் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். “கஜபதி அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே… கணப்புன்னா நாய் இல்ல. குளிர் காயற அடுப்பு. பனி தேசத்துல சுவத்துலயே கட்டி வெச்சிருப்பாங்க, உள்ள விறகு எரியும்.” அவர் சிரித்தார், டீச்சருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார், “இன்னா டீச்சர், அது கொலைக்குதே!” என்றார். “எங்க குரைக்குது, காட்டுங்க.” காட்டுகிறேன் என்று புரட்டினார். உறுமியது என்று இருந்தது. முனகியது என்று இருந்தது. சீறியது என்றுகூட ஓர் இடத்தில் இருந்தது. குரைத்தது என்று எங்கேயும் இல்லை… இவ்வளவு தடிப் புத்தகத்தில், இவ்வளவு பெரிய நாய், ஒரே ஒரு தரம்கூடக் குரைக்கவில்லை. இத்தனை மார்கழியில் இது எப்படிக் கண்ணில் படவில்லை? டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், ரொம்ப நாளாக அடக்கிவைத்திருந்ததை இன்றைக்குத்தான் அவிழ்த்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு, “அக்காகிட்ட நான் வாய் தொறக்க மாட்டேன்ப்பா, அது உங்க பாடு” என்று சொல்லிவிட்டுக் காய்கறிக் கடைப் பக்கம் போய்விட்டார்.

அக்கா என்றால் நாகம்மாள். கஜபதியின் மனைவி. அங்கேதான் இருக்கிறது விஷயம். இன்றைக்குக் கடைசி அத்தியாயம். சாப்பிட்ட பிறகு மொட்டை மாடி வெயிலில் அவளுக்கு வாசிக்க வேண்டும், பனங்கிழங்கு அவித்து வைத்திருப்பாள், நார் உரித்து, இரண்டாகப் பிளந்து… வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் புத்தகத்தை முடிப்பது அந்த வீட்டில் வெள்ளையடிப்பது மாதிரி, விட்டால் பண்டிகை வராது. என்ன வாசிப்பது அவளிடம்? நாயா, அடுப்பா? புத்தகம் மட்டும் முழுசாகக் கிடைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. குமணன்சாவடியில் பேருந்து மக்கர் பண்ணி நின்ற ஒரு நாள், பழைய பேப்பர் கடைத் தராசுக்குப் பக்கத்தில் கிடந்தது, கல்யாணம் ஆன புதிது, அட்டை இல்லை, தலைப்பு இல்லை, எழுதினவர் யார், தமிழில் கொண்டுவந்தவர் யார், ஒன்றும் தெரியாது, முதல் அத்தியாயத்தை எந்தக் கடலைக்காரர் மடித்துக் கொடுத்தாரோ, எடுத்த எடுப்பில் ‘எல்லோரும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து கைகளை நீட்டினார்கள்’ என்றுதான் ஆரம்பித்தது. ஒரு வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டினால் அது எதுவாக இருக்கும்? தடவிக்கொடுக்கத்தானே நீட்டுவார்கள்? நாய்தானே? கொரட்டூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறு என்ன தோன்றும், இந்த ஊரில் ஒருவன் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டினால் கையில் தட்டைக் கொடுத்து இட்லிக்கு இன்னும் நேரமாகும் என்பார்கள். முதல் அத்தியாயத்தில் நாயை எங்கிருந்து வாங்கினார்கள், குட்டியில் எப்படி இருந்தது என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள், கிழிந்துபோய்விட்டது, நம் அதிர்ஷ்டம், என்று விட்டுவிட்டார். அப்புறம் வந்ததெல்லாம் அதற்குத் தகுந்த மாதிரியே வந்ததே, வரி வரியாக வந்ததே, அந்தப் புத்தகமே அவரோடு கூட்டுச் சேர்ந்து பொய் சொன்னதே…

‘அவள் கணப்பைக் கிளறிவிட்டாள்.’ வாலைப் பிடித்து இழுத்திருப்பாள். ‘கணப்பு புகைந்தது.’ புதிதாகப் பிறந்த குழந்தையை எல்லோரும் கொஞ்சினால் நாய்க்குப் புகையாதா? ‘கணப்பின் வாயில் இரண்டு விறகுக் கட்டைகளைத் திணித்தாள்.’ இந்த இடத்தில் மட்டும் நாகம்மாள் முதல் வருஷமே கையை நீட்டித் தடுத்தாள், “இருய்யா, இரு. நாய்க்கு இன்னாத்துக்கு வெறகு?” கஜபதி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, “பல்லு வெளக்கத்தான்மே. பனில வேப்பங்குச்சி ஏது? கட்டையாத்தான் கடிக்கணும்” என்றார், அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்புறம் சிரித்தாளே ஒரு சிரிப்பு, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கட்டில் அரக்கோணம் பாசஞ்சர் மாதிரி கடகடவென்று ஆடியது. அதற்கப்புறம் அவள் சிரிக்கவேண்டும் என்பதற்காகவே அந்த இடத்தில் நிறுத்தி, குரலை இறக்கி, கண்ணை உருட்டி… ‘கணப்பின் மேல் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.’ இது ஒன்றுதான் கொஞ்சம் இடித்தது. நாயின் மேல் கெட்டிலா? ஆனால் பனி தேசத்து நாய்க்கு அவ்வளவு உடல் சூடு, அதன் முதுகில் தண்ணீர் வைத்தால் டீ போட்டுவிடலாம் என்று ஆவடி தொழிற்சாலை கேன்டீனில் அவரே பத்துப் பேரிடம் சொல்லி, அதில் இரண்டு பேர் தங்கள் வீட்டில் போய்ச் சொல்லி, அது சுற்றிவந்து யாரோ அவரிடமே செய்தியாகச் சொன்னபோது அவரே நம்பிவிட்டார். இப்போது நினைத்தால்… கஜபதிக்கு ஏரிக்கரையில் தனியாகச் சிரிப்பு வந்தது. தண்ணீரில் நின்ற நாரை ஒன்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. எல்லா வரியும் அடுப்புக்கும் பொருந்துகிறதே, நாய்க்கும் பொருந்துகிறதே, இந்த அணைப்பதற்கு மட்டும் தமிழில் ஏன் ஒரே சொல்லை வைத்தார்கள்? கட்டிப்பிடித்தாலும் அணைத்தான், நெருப்பை ஊதி நிறுத்தினாலும் அணைத்தான். வேறு சொல்லா கிடைக்கவில்லை, எவ்வளவு பெரிய மொழி!

ஏரிக்கரை முடிகிற இடத்து டீக்கடையில் தினகரன் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தான், தூரத்திலேயே கத்தினான், “இன்னா மாமே, பேச்சு அப்டியே தூக்கிக்கினு போச்சு! அந்த நாய நம்ம ஏரியால உட்டா கொசு ஒழிஞ்சிடும்!” கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், எல்லோருக்கும் கணப்பைத் தெரியும், கஜபதி சொல்லாமல் விட்ட காது கொரட்டூரில் எது? இப்போது மட்டும் அது அடுப்பு என்று தெரிந்தால் போதும், தினகரன் ரயில்வே ஸ்டேஷனில் ஒலிபெருக்கி பிடித்து அறிவித்துவிடுவான், அடுத்து வருவது வேளச்சேரி வரை செல்லும் வண்டி, கஜபதி வளர்த்தது அடுப்பு… சரி, அது போகட்டும், சிரிப்பது அவருக்குப் புதிதில்லை, மனிதர்கள் சிரிக்கத்தானே அவர் வாயைத் திறப்பதே. டீ வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார். தெரு முனையிலேயே கணப்பு வந்து காலைச் சுற்றியது. இது புத்தகத்துக் கணப்பு இல்லை, தெருவில் பிறந்து, வீட்டு வாசலில் தங்கி, நாகம்மாள் வைத்த பேரில் வளர்ந்த நாய், இதற்கு முன்னால் ஒரு கணப்பு இருந்தது, அதற்கு முன்னால் ஒன்று, அவர்கள் வீட்டு நாய்க்கெல்லாம் ராஜ வம்சம் மாதிரி ஒரே பெயர். தெருவில் மற்ற நாய்கள் மணி, டைகர், ஜிம்மி, இது மட்டும் கணப்பு. அவருடைய பழைய ஸ்வெட்டரை வெட்டி அதற்குச் சட்டை தைத்துப் போட்டிருந்தாள், கை வைத்த சட்டை, காலரோடு. குனிந்து அதன் தலையைத் தொட்டார். நீ அடுப்பாண்டா, தெரியுமா உனக்கு, என்றார் மனசுக்குள். அது வாலை ஆட்டியது, அடுப்பாக இருக்கவும் அதற்கு மறுப்பில்லை.

திவ்யாவிடம் கேட்டோமே ஒரு தரம், கனடா போன முதல் வருஷம், “அங்க குளுருக்கு ஊட்ல ஒரு கணப்பு வெச்சிக்கயேன்” என்று, அவள் சிரித்துக்கொண்டே, “வாடகை ஊட்ல அதெல்லாம் உட மாட்டாங்கப்பா” என்றாளே, எதை விட மாட்டார்கள் என்றாள், நாயையா, அடுப்பையா? அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகம்மாள் ஏன் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு பேச்சை மாற்றினாள்? மாற்றினாளா, இல்லை, சாம்பாருக்குப் பருப்பு வைக்க நேரமாகிவிட்டது என்று சொன்னாளா, நினைவில்லை. போகி அன்றைக்குத் தெருவில் எல்லோரும் பழைய பாயையும் முறத்தையும் போட்டுக் கொளுத்துவார்கள், விடிகிற நேரம், கணப்பு, இந்த நாய்க் கணப்பு, அந்த நெருப்புக்குப் பக்கத்திலேயே சுருண்டு கிடக்கும், நாகம்மாள் அங்கிருந்து கூப்பிடுவாள், “வாய்யா, கணப்புகிட்ட வந்து குந்து, குளுரு உட்டுடும்.” அவரும் போய் நாய்க்குப் பக்கத்தில் உட்காருவார். வருஷா வருஷம் கூப்பிடுவாள். வருஷா வருஷம் உட்காருவார்… கஜபதி மாடிப்படிக்குக் கீழே நின்றார். இதெல்லாம் ஏன் இப்போது நினைவுக்கு வருகிறது? கடைசிப் பக்கத்தைப் பற்றி யோசிக்கப் பயந்துகொண்டுதான் மற்றதை எல்லாம் யோசிக்கிறோமோ?

ஆமாம், கடைசிப் பக்கம். ‘விடியும் நேரத்தில் கணப்பு அணைந்தது. கிழவர் எழுந்திருக்கவில்லை. பனி பெய்துகொண்டே இருந்தது.’ அவ்வளவுதான், அதோடு முடிந்தது. இத்தனை வருஷம் அந்த இடத்தில் அவருக்கு நெஞ்சு நிறையும், ராத்திரி முழுக்கக் கதவைக் காவல் காத்த நாய் விடிகிற நேரத்தில் வந்து கிழவரோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறது, அந்தச் சுகத்தில் அவர் எழுந்திருக்கவில்லை, எதற்கு எழுந்திருக்க வேண்டும், மார்கழிப் போர்வையை விட்டு யார் எழுந்திருப்பார்கள், உலகத்திலேயே அதைவிடச் சந்தோஷமாக முடிகிற புத்தகம் கிடையாது என்று இன்று காலைகூட மேசையில் தட்டிச் சொன்னார். அடுப்பு என்றால்? அடுப்பு அணைந்துவிட்டது. கிழவர் எழுந்திருக்கவில்லை. வெளியே பனி. அப்படியானால் அந்த மனிதர்… யாரும் இல்லாமல், ஒரு நாய்கூட இல்லாமல்… போன மார்கழியில் நாகம்மாளுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்களே, ஒரு மத்தியான நேரம், கையில் ஊசி, மூக்கில் குழாய், அந்த நிலைமையில் அவள் கேட்டது இதைத்தான், “அந்தக் கடைசிப் பக்கத்தப் படிய்யா.” படித்தார், அவர் எப்போதும் ஏற்றிச் சொல்வதைக்கூடச் சொல்லவில்லை, இருந்ததை இருந்தபடி படித்தார். அவள் கேட்டுவிட்டு, “நானும் தூங்கறேன். கணப்பு கீதில்ல” என்றாள், அவருடைய கையை இழுத்துக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கியும் போனாள், எழுந்தும் வந்தாள், எழுந்து வந்து நர்சிடம் சண்டை போட்டுக் காபி வாங்கிக் குடித்தாள். அப்படிப்பட்ட பக்கத்தில் போய் அடுப்பு என்று சொல்வதா? இந்த வாயால் எவ்வளவோ அளந்திருக்கிறோம், நிஜத்தைச் சொல்லவா இந்த வாய்? சொல்லாமல் இருந்தாலும், இத்தனை காலம் தெரியாமல் சொன்னது வேறு, இன்றைக்குத் தெரிந்துகொண்டே சொல்லப்போவது வேறு இல்லையா…

“இன்னாய்யா, கீழ நின்னுகினு யாரோட பேசற? கெழங்கு ஆறுது!” மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே நாகம்மாளின் தலை தெரிந்தது. சோற்றை அவசரமாக முடித்துக்கொண்டு ஏறினார், கணப்பு அவருக்கு முன்னால் தாவி ஏறியது. மேலே வெயில், வடாம் காய்ந்த பாய், பக்கத்தில் அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் போர்வை, தட்டில் மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கு. “கோட்டக் கயட்டேன், பாக்கறதுக்கே எனக்கு வேக்குது” என்றாள். “இன்னாமே, பனி கொட்டுது, கயட்டுன்ற” என்றார், குல்லாவை இன்னும் கொஞ்சம் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கூட்டம் எப்படிப் போனது என்று கேட்டாள், பிரமாதம் என்றார், ஜமீலா என்ன சொன்னாள் என்று கேட்டாள், இல்லை, அப்படிக் கேட்கவில்லை, “ஜமீலா ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டாள், மணலைப் பற்றிச் சொன்னார் என்றார், “ம்” என்றாள், கிழங்கின் நடுநரம்பை இழுத்து எறிந்தாள். புத்தகத்தைத் திறந்தார். பக்கத்துத் தெருக் கோயிலில் பாட்டு ஓய்ந்திருந்தது, ரயில் ஒன்று அம்பத்தூர்ப் பக்கம் போனது. வாசித்தார். விறகுக் கட்டையின் இடம் வந்தது, தாண்டிவிடலாம் என்று பார்த்தார், “இன்னா, பல்லு வெளக்கறத உட்டுட்ட?” என்று பிடித்துக்கொண்டாள், திரும்பிப் போய்ப் படித்தார், கண்ணை உருட்டினார், அவள் சிரித்தாள், அதே சிரிப்பு, தோள் குலுங்க, நாற்காலி கிறீச்சிட, டாக்டர் இவ்வளவு சிரிக்கலாம் என்று சொன்னாரா தெரியவில்லை… இந்தச் சிரிப்பை அடுப்புக்கா கொடுப்பது? முடியாது, டீச்சர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அகராதியில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த மாடியில் கணப்பு நாய்தான், நாலு கால், ஒரு வால், காலர் வைத்த சட்டை.

கடைசிப் பக்கம் வந்தது. ‘விடியும் நேரத்தில் கணப்பு…’ அங்கே நாக்கு நின்றுவிட்டது. அந்த ஒரு சொல்லை அவரால் எப்போதும் சொல்வது மாதிரி சொல்ல முடியவில்லை, அது வாய்க்குள் இரண்டாகப் பிளந்துகொண்டு நின்றது, பனங்கிழங்கு மாதிரி. நாகம்மாள் குனிந்து, காலடியில் சுருண்டிருந்த நாயின் முதுகைத் தடவிக்கொண்டே, புத்தகத்தைப் பார்க்காமல், அவரையும் பார்க்காமல், அவரே முடிப்பது போல முடித்தாள், “கணப்பு வந்து அணைஞ்சிக்கிச்சி. கெயவரு சொகமா தூங்கிட்டாரு. எய்ந்துக்கல. பனி பேஞ்சிக்கினே கீது.” சுகமாக என்பது புத்தகத்தில் இல்லை. வந்து என்பதும் இல்லை. அவரும் அப்படி ஒரு நாளும் படித்ததில்லை, அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை, அவருக்கு நாய் தானாகவே வந்ததே… அப்படியானால் அந்த இரண்டு சொல்லை எதற்குப் போட்டாள், எங்கே இருந்து எடுத்தாள், யாருக்காகப் போட்டாள்? புத்தகத்தை மூடினார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, படிப்பக்கம் போகிறபோது என்னவோ சொன்னாள், “வெறகு தீந்து போச்சாக்கும், பாவம்” என்று காதில் விழுந்த மாதிரி இருந்தது. “இன்னாமே சொன்ன?” என்றார். “ஒண்ணும் இல்லய்யா, கெழங்கு தீந்து போச்சுன்னேன்” என்றாள், திரும்பவில்லை, தோள் மட்டும் இலேசாகக் குலுங்கியது, முழங்கால் வலியாகவும் இருக்கலாம். தட்டில் இன்னும் இரண்டு கிழங்கு இருந்ததைப் பார்த்தாரே… வெறகா, கெழங்கா, குல்லா வேறு காதை அடைத்துக்கொண்டிருந்தது. கஜபதி மெதுவாகக் குரங்குக் குல்லாவைக் கழற்றினார். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அவள் எதைக் கேட்டுவிட்டுத் தூங்கினாள், நாயையா, அடுப்பையா? கணப்பு எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வந்து அவர் காலோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது, நல்ல சூடு, ஒரு கெட்டில் வைக்கலாம். இத்தனை மார்கழியும் இந்தக் கதையை யார், யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்று யோசித்தபடி அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார், கீழே சமையலறையில் அவள் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது, இல்லை, பாத்திரம் விழுந்ததோ என்னவோ…